சுபௌல் மாவட்டமும் கோசி ஆறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீகாரின் சுபௌல் மாவட்டத்துக்கு முதலில் வெள்ள நிவாரண வேலைக்காகவும், பின்னர் அங்குள்ள மனிதர்கள்மீது ஏற்பட்ட பற்றினாலும் பலமுறை போய்வந்திருக்கிறேன். மழைக்காலத்தில் கோசியைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுபௌல் எங்கே இருக்கிறது? பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பீகாரின் வடகிழக்கில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கிறது. மேற்கே மதுபனி, கிழக்கே அரரியா, தெற்கே சஹர்சா, மாதேபுரா ஆகியவை அண்டை மாவட்டங்கள். சஹர்சா மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த இது 1991 மார்ச்சில் தனி மாவட்டமாக்கப்பட்டது. சுபௌல், பீர்பூர், திரிவேணிகஞ்ச், நிர்மலி என நான்கு உட்கோட்டங்களும் 11 வட்டாரங்களும் இதில் உள்ளன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 22.29 லட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் நகரங்களில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. எழுத்தறிவு 57.67 சதவீதம், பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கும் கீழே. தொழிற்சாலை என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாத, முழுக்க முழுக்க மண்ணையும் தண்ணீரையும் நம்பிய மாவட்டம் இது.

அங்கே பேசுவது இந்திதானே?

அலுவலகத்திலும் பள்ளியிலும் இந்தி; வீட்டில் மைதிலி. மைதிலி தனக்கென நீண்ட இலக்கிய மரபுள்ள தனி மொழி. 2003-ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கோசிக் கரையில் பேசப்படும் மைதிலி தர்பங்காப் பக்கத்து மைதிலியிலிருந்து சற்று மாறுபட்டே ஒலிக்கும். முஸ்லிம் குடும்பங்களில் உருதுவும் உண்டு.

கோசியை ஏன் 'பீகாரின் துயரம்' என்கிறார்கள்? எல்லா ஆற்றிலும்தானே வெள்ளம் வருகிறது?

திபெத்திலிருந்து வரும் அருண், கிழக்கு நேபாளத்தின் தமோர், மேற்கிலிருந்து வரும் சுன் கோசி ஆகிய மூன்றும் திரிவேணி என்ற இடத்தில் ஒன்றுசேர்ந்து, சத்ரா என்ற இடத்தில் மலையிடுக்கை விட்டுச் சமவெளியில் இறங்குகின்றன. இமயமலையின் மிக உயர்ந்த சிகரங்கள் பலவற்றின் பனிநீரும் மழைநீரும் இந்த ஒரே வாய் வழியாகத்தான் வெளிவர வேண்டும். மலையில் பாய்ந்துவந்த ஆறு சரிவு குறைந்த தரையைத் தொட்டதும் வேகம் இழந்து, சுமந்துவந்த மணலையும் வண்டலையும் அங்கேயே இறக்கிவைக்கிறது. படுகை மேடாகிறது, மேடானதும் ஆறு பக்கத்தில் உள்ள பள்ளத்தைத் தேடிப் போகிறது.

இப்படியே கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் கோசி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மேற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் பூர்ணியாப் பக்கம் ஓடிய ஆறு இன்று சுபௌலின் மேற்கில் ஓடுகிறது. மற்ற ஆறுகள் கரைபுரண்டு, பிறகு தம் தடத்துக்கே திரும்பும். கோசி தடத்தையே மாற்றிக்கொள்ளும் என்பதுதான் அச்சத்தின் காரணம். அது விட்டுப்போன பழைய ஓடைகளை ஊர்மக்கள் 'தார்' என்கிறார்கள். மாவட்டத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு தார் குறுக்கிடும்.

'துயரம்' என்ற பெயர் வெளியார் வைத்தது என்பதையும் சொல்லவேண்டும். ஊர்க்காரர்களுக்கு அவள் 'கோசி மையா', அதாவது கோசி அம்மா. ஆகஸ்டில் வீட்டுக்குள் புகுந்த அதே தண்ணீரில் சட் பண்டிகையின் மாலையில் பெண்கள் இடுப்பளவு நின்று, முறத்தில் பழங்களும் டெகுவா என்ற கோதுமைப் பலகாரமும் ஏந்தி, மறையும் சூரியனுக்கு அர்க்கியம் கொடுப்பதைப் பார்த்தால் அந்த உறவு புரியும்.

ஆறு ஓடிப்போகிறது என்றால் இரண்டு பக்கமும் கரை கட்டி நிறுத்த வேண்டியதுதானே?

அதைத்தான் செய்தார்கள். 1953-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1954 ஏப்ரல் 25 அன்று இந்தியாவும் நேபாளமும் கோசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1955 ஜனவரியில் நிர்மலிக்கு அருகே கரை கட்டும் பணி தொடங்கியது. எல்லையில் பீம்நகர் அருகே 56 மதகுகள் கொண்ட கதவணை கட்டப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பீர்பூர் கதவணை என்று செய்திகளில் வருவது அதுதான்.

கரைகள் தண்ணீரை ஓரளவு அடக்கின. மணலை அடக்க முடியவில்லை. முன்பு ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் பரவிப் படிந்த வண்டல் இப்போது இரு கரைகளுக்கு நடுவிலேயே படிவதால், பல இடங்களில் ஆற்றுப்படுகை வெளியே உள்ள வயல்களைவிட உயர்ந்துவிட்டது. மழைநீர் ஆற்றில் வடிய வழியில்லாமல் கரைக்கு வெளியேயும் தேங்குகிறது. பீகார் முழுவதையும் பார்த்தால், 1954-இல் வெள்ள அபாயப் பகுதி 25 லட்சம் ஹெக்டேர். கரைகள் பல ஆயிரம் கிலோமீட்டராக நீண்ட பிறகு அது 68.8 லட்சம் ஹெக்டேர் எனக் கணக்கிடப்பட்டது. கரை கட்டியதால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரை என்பது பாதுகாப்பு என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும் விஷயம் அல்ல என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும்.

கரைக்கு உள்ளேயே ஊர்கள் இருக்கின்றன என்கிறார்கள். நம்பவே முடியவில்லை. அவர்களை ஏன் வெளியேற்றவில்லை?

இருக்கின்றன. இரு கரைகளுக்கும் இடையே சில இடங்களில் 10 கிலோமீட்டருக்கும் மேல் அகலம் உண்டு. கரை கட்டப்பட்டபோது சுபௌல், சஹர்சா, மதுபனி, தர்பங்கா மாவட்டங்களைச் சேர்ந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் நடுவில் சிக்கிக்கொண்டன. நிர்மலி, மரௌனா, கிஷன்பூர், சராய்கர்-பப்டியாஹி முதலிய வட்டாரங்களின் பல ஊர்கள் இன்றும் அப்படித்தான். 'நீங்கள் எந்த ஊர்?' என்று கேட்டால் சிலர் ஊர்ப் பெயருக்கு முன்பே 'கரைக்கு உள்ளே' என்று சொல்வார்கள். அந்த ஒரு சொல்லில் அவர்களுடைய சாலை, பள்ளி, மருத்துவமனை, கல்யாண சம்பந்தம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அப்போது மறுவாழ்வுத் திட்டம் ஒன்று இருந்தது. ஆனால் கரைக்கு வெளியே கொடுக்கப்பட்டது வீட்டுமனை மட்டுமே. விளைநிலத்துக்கு மாற்று நிலம் தரப்படவில்லை. வயல் உள்ளே, வீடு வெளியே, நடுவில் ஆறு என்றானபோது உழவன் தினமும் எத்தனை முறை படகில் போய்வருவான்? போதாக்குறைக்கு, பல மனைகளில் முந்தைய பதிலில் சொன்னபடி தண்ணீர் தேங்கியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. 1987-இல் கோசியால் பாதிக்கப்பட்டோருக்கான வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டும் அவர்கள் வாழ்வில் சொல்லத்தக்க மாற்றம் வரவில்லை. அவர்கள் பிடிவாதமாக அங்கே இருக்கிறார்கள் என்று சொல்வது நியாயமல்ல. பிழைக்கும் வழி உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே உள்ள வீடுகள் பெரும்பாலும் மூங்கில் தட்டியும் புல்கூரையும் கொண்டவை. அது வறுமை மட்டுமல்ல, கணக்கும்கூட. ஆறு கரையை அரித்துக்கொண்டு வரும்போது தட்டியைக் கழற்றி, கூரையைத் துண்டாக இறக்கி, படகில் ஏற்றிக்கொண்டு அடுத்த மேட்டுக்குப் போய்விடலாம். நான் பார்த்த ஒரு வீட்டில் அடுப்புகூடத் தூக்கிச்செல்லக்கூடிய மண் அடுப்பாகவே இருந்தது. தண்ணீர் உயர உயர அதை மண் மேட்டிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து மூங்கில் பரணுக்கும் மாற்றுவோம் என்றார் அந்த வீட்டு அம்மா.

அப்படியென்றால் ஆற்றைக் கடக்க என்ன வழி? பாலம் கிடையாதா?

1934 ஜனவரி நிலநடுக்கத்துக்கு முன்பு நிர்மலிக்கும் பப்டியாஹிக்கும் இடையே ரயில் ஓடியது. அந்தப் பேரழிவில் பாதை அழிந்தபின், பறவை பறந்தால் 22 கிலோமீட்டரே உள்ள நிர்மலியும் சராய்கரும் ரயிலில் 298 கிலோமீட்டர் தூரமாகிவிட்டன. 2012-இல் கோசி மகாசேது சாலைப் பாலமும், 2020 செப்டம்பரில் 1.9 கிலோமீட்டர் ரயில் பாலமும் திறக்கப்பட்டன. 2022 முதல் சஹர்சாவிலிருந்து சுபௌல், நிர்மலி வழியாகத் தர்பங்காவுக்குப் பயணிகள் ரயில் போகிறது. இது இரு பக்க மக்களுக்கும் உண்மையிலேயே பெரிய விடுதலை.

ஆனால் மகாசேது கட்டுவதற்காகப் பரந்து ஓடிய ஆற்றை வழிகாட்டிக் கரைகள் மூலம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஒடுக்க நேர்ந்தது. அதனால் தங்கள் பக்கம் அரிப்பு கூடிவிட்டது என்று கரைக்கு உள்ளே இருப்பவர்கள் சொல்கிறார்கள். சற்றுத் தெற்கே பகௌர்–பேஜா இடையே தொடங்கப்பட்ட பாலம், கரைக்குக் கரை 10.2 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பாலம் எட்டாத உள் ஊர்களுக்குப் படகும், தண்ணீர் வடிந்த மாதங்களில் 'சச்சரி' எனப்படும் மூங்கில் பாலமும்தான்.

இவ்வளவு வெள்ளம் வந்தால் விவசாயம் என்று என்னதான் செய்ய முடியும்?

வெள்ளத்துக்குப் பிறகு செய்யலாம். மாவட்டத்தின் உழவு இரண்டு பருவங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை உள்ள பருவத்தில் நெல்லும் சணலும். வந்தால் வரவு, போனால் போனது. ஈரம் நிறைந்த மண்ணை நம்பி அக்டோபர், நவம்பரில் விதைக்கும் மக்காச்சோளம், கோதுமை, பருப்பு, கடுகு ஆகியவையே குடும்பத்தைத் தாங்குகின்றன. குறிப்பாகக் குளிர்கால மக்காச்சோளம் கடந்த சில பத்தாண்டுகளில் இந்தப் பகுதியின் முகத்தையே மாற்றிவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் தார்ச் சாலையின் ஒரு பாதியில் மணிகளைப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள்; வண்டிகள் மறுபாதியில் ஊர்ந்துபோகும். அங்கிருந்து சரக்கு பூர்ணியாவின் குலாப்பாக் சந்தைக்குப் போகிறது. பீகார் 2006-இலேயே வேளாண் விற்பனைக் குழுச் சட்டத்தை நீக்கிவிட்டதால், சிறு உழவர் பலரும் களத்துக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்கிறார்கள்.

நிலத்துக்கும் அங்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆற்றுத் திட்டு 'தியரா'. அங்கே தர்பூசணி, வெள்ளரி, பரங்கி வரும். தண்ணீர் தேங்கும் பள்ளம் 'சௌர்'. அங்கே மீனும் மக்கானாவும். சொந்தமாக நிலம் இல்லாதவர், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுவதை 'பட்டாய்' என்பார்கள். இந்தச் சொல் பின்னால் நிவாரணக் கேள்வியில் மீண்டும் வரும்.

மக்கானா என்பது தாமரை விதைதானே? கடையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இல்லை. இரண்டும் வேறு செடிகள். மக்கானா, யூரியாலி ஃபெராக்ஸ் என்ற அல்லிக் குடும்பச் செடியின் விதை. அதன் இலை பெரிய தாம்பாளம்போல நீரில் விரிந்து கிடக்கும். இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் முள். காய் வெடித்துச் சிதறிய விதைகள் குளத்தின் அடிச்சேற்றில் போய்ப் படியும். மீன்பிடிப்பதும் படகோட்டுவதும் தொழிலான மல்லா சமூகத்து ஆட்கள் மூச்சைப் பிடித்து மூழ்கி, சேற்றோடு சேர்த்து அரித்தெடுக்க வேண்டும்.

அதன் பிறகுதான் கடினமான வேலை. கழுவிக் காயவைத்து, அளவுவாரியாகச் சலித்து, ஒருமுறை வறுத்து ஆறப்போட்டு, பிறகு மறுபடியும் கொதிக்கும் சட்டியில் வறுப்பார்கள். சுடச்சுட ஏழெட்டு விதைகளைக் கையால் அள்ளிப் பலகையில் வைத்து மரச்சுத்தியால் ஒரே அடி. கறுப்பு ஓடு உடைந்து வெள்ளைப் பொரி துள்ளி விழும். ஒரு நொடி தாமதித்தால் பொரியாது. வறுக்கும் குடும்பத்தில் எல்லார் விரல் நுனியும் காய்த்துப்போயிருக்கும். நகரத்தில் நாம் கொடுக்கும் விலையில் அந்த விரல்களுக்குப் போவது மிகக் குறைவு. 2022-இல் 'மிதிலா மக்கானா' புவிசார் குறியீடு பெற்றது; 2025 செப்டம்பரில் தேசிய மக்கானா வாரியம் பூர்ணியாவில் தொடங்கிவைக்கப்பட்டது. கரைகளால் தேங்கிய நீரைப் பயிராக மாற்றிக்கொண்டது அந்த மக்களின் கெட்டிக்காரத்தனம் என்றே நான் நினைக்கிறேன்.

நேபாளம் தண்ணீரைத் திறந்துவிடுவதால்தான் வெள்ளம் என்று ஒவ்வொரு வருடமும் செய்தியில் சொல்கிறார்களே?

இது மிகவும் பரவலான, ஆனால் தவறான எண்ணம். பீர்பூரில் இருப்பது நீரைத் தேக்கிவைக்கும் அணை அல்ல, கதவணை. வருகிற நீரைச் சற்று உயர்த்திக் கால்வாய்களுக்குத் திருப்புவதற்கானது. பெருவெள்ளம் வந்தால் மதகுகளைத் திறப்பதைத் தவிர வழியில்லை. திறக்காவிட்டால் கதவணையே போய்விடும். அது நேபாள மண்ணில் இருந்தாலும், 1954 ஒப்பந்தப்படி இயக்குவதும் பராமரிப்பதும் இந்தியத் தரப்பின் பொறுப்பு. பீகார் அரசின் நீர்வளத் துறைப் பொறியாளர்களே மதகுகளை இயக்குகிறார்கள். நேபாளத்தின் மலைகளில் பெய்த மழை கீழே வருகிறது என்று சொன்னால் சரி; நேபாளம் திறந்துவிட்டது என்றால் தவறு.

2008-இல் அப்படி என்னதான் நடந்தது? அதிக மழையா?

அந்த ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று, கதவணைக்குச் சுமார் 12 கிலோமீட்டர் மேலே, நேபாளத்தின் குசஹா என்ற இடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. அன்று ஆற்றில் வந்தது விநாடிக்கு ஏறத்தாழ 1.44 லட்சம் கனஅடி. கதவணையும் கரைகளும் 9 லட்சம் கனஅடிக்கும் மேல் தாங்கும்படி திட்டமிடப்பட்டவை. தாங்க வேண்டியதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத நீரில் கரை போனது. பல நாட்களாகவே ஆறு அந்த இடத்தில் கரையோரத் தடுப்புகளை அரித்துக்கொண்டிருந்தது; உரிய நேரத்தில் பழுது பார்க்கப்படவில்லை. ஆகவே இதை மழையின் கணக்கில் எழுத முடியாது. பராமரிப்பின் தோல்வி இது.

உடைப்பு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் அகன்றது. ஆறு ஏறத்தாழ முழுவதுமாகத் தன் பழைய கிழக்குத் தடங்களில் இறங்கி, சுபௌல், மாதேபுரா, அரரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாதித்தது. பசந்த்பூர், பிரதாப்கஞ்ச், சாத்தாபூர் போன்ற வட்டாரங்கள் அரை நூற்றாண்டாகக் கரையின் பாதுகாப்பில் இருந்தவை. அங்கே வீட்டில் படகும் இல்லை, தண்ணீரோடு வாழ்ந்த பழக்கமும் இல்லை. அந்த ஆகஸ்டில் கரைக்கு உள்ளே இருந்த ஊர்களில் தண்ணீர் வடிந்து, வெளியே இருந்தவர்கள் மூழ்கினார்கள். நீர் போனபின் வயல்களில் மணல் கிடந்தது. சில இடங்களில் அடிபம்பின் கைப்பிடி மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. உடைப்பு அடைக்கப்பட்டு ஆறு பழைய தடத்துக்குத் திருப்பப்பட்டது 2009-இல்.

2024-இல் அதைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்ததே, அப்போது ஏன் அதே அளவு அழிவு இல்லை?

2024 செப்டம்பர் இறுதியில் பீர்பூரைக் கடந்த நீர் விநாடிக்கு 6.61 லட்சம் கனஅடி. 1968 அக்டோபரில் பதிவான 7.88 லட்சத்துக்குப் பிறகு 56 ஆண்டுகளில் இதுவே அதிகம். குசஹா நாளைவிட நான்கரை மடங்கு. ஆனால் சுபௌலின் பிரதானக் கரைகள் நின்றன. தெற்கே தர்பங்கா மாவட்டத்தின் கீரத்பூர் வட்டாரத்தில் மேற்குக் கரை உடைந்தது. கரை நின்றால் ஆற்றின் முழு வேகமும் உள்ளே இருப்பவர்கள்மீது இறங்கும். அன்றும் அதுதான் நடந்தது. 'கரை காப்பாற்றப்பட்டது' என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மணலை அள்ளிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அல்லது மலையிலேயே பெரிய அணை?

ஒரு மழைக்காலம் கொண்டுவரும் வண்டலின் அளவுக்கு முன்னால் தூர்வாருதல் நிற்காது. அள்ளியதைக் கொட்ட இடமும் இல்லை. பாலம், கதவணை போன்ற குறிப்பிட்ட இடங்களில் தடத்தைச் சீர்செய்ய மட்டுமே அது பயன்படும்.

பெரிய அணை யோசனை 1947 ஏப்ரலில் நிர்மலியில் கூடிய மாபெரும் மாநாட்டிலேயே பேசப்பட்டது. பாராக்ஷேத்ரா அருகே 269 மீட்டர் உயர அணைக்கான ஆய்வுக்காக 2004-இல் இந்திய–நேபாளக் கூட்டு அலுவலகமும் திறக்கப்பட்டது. நிலநடுக்கப் பகுதி, வண்டலால் அணையே தூர்ந்துபோகும் அபாயம், நேபாளத்தில் மூழ்கும் ஊர்கள் என்ற மூன்று கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த 6,282 கோடி ரூபாய் கோசி–மேச்சி ஆறுகளின் இணைப்பு வேறு விஷயம். அது கிழக்குக் கால்வாயை நீட்டித்து அரரியா, பூர்ணியா, கிஷன்கஞ்ச், கட்டிஹார் மாவட்டங்களுக்குப் பாசனம் தரும். கால்வாய் கூடுதலாக இழுக்கப்போவது ஐயாயிரத்துச் சொச்சம் கனஅடி. 6.61 லட்சத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. பாசனத் திட்டமாக அதை மதிப்பிடுவோம்; வெள்ளத் தடுப்பு என்று அதை மக்களிடம் சொல்வது சரியல்ல.

நிவாரணப் பணம் எல்லாருக்கும் கிடைக்கிறதா?

2024 வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 7,000 ரூபாய் என்று பீகார் அரசு வங்கிக் கணக்கில் செலுத்தியது. நேரடிப் பணம் நல்ல மாற்றமே. பயிர் இழப்பீடு வேறு கதை. முன்பு சொன்ன பட்டாய் உழவரின் வாரக் குத்தகை வாய்மொழியாகவே நடப்பதால், விதையும் உழைப்பும் அவருடையதாக இருந்தும், நிலத்தைத் தன் பெயரில் நிரூபிப்பதற்கான தாள் அவரிடம் இல்லை. வீட்டு ஆண்கள் பஞ்சாப், டெல்லி, அண்மைக் காலத்தில் தென்மாநிலங்கள் என்று வேலைக்குப் போயிருக்க, பெண்கள்தான் உழுகிறார்கள். நிலமோ மாமனார் பெயரில். அலுவலகத்தில் 'உழவர்' என்று எழுதப்படுவது யார் பெயர் என்பதில்தான் இழப்பீடு நின்றுபோகிறது.

ஆறு அடித்துக்கொண்டு போன நிலத்துக்கும் வரி கட்டுகிறார்களாமே? உண்மையாகவா?

உண்மை. கரைக்கு உள்ளே பலருடைய நிலம் இன்று ஓடும் நீருக்கு அடியிலோ மணலுக்கு அடியிலோ இருக்கிறது. நிலத்தீர்வையும் அதன்மேல் கூடுதல் வரிகளும் தொடர்கின்றன. அவற்றை ரத்து செய்யவேண்டும் என்பது அங்கே நெடுங்காலக் கோரிக்கை. முழுக்க நியாயமான கோரிக்கை என்பது என் கருத்து.

அப்படியானால் ஏன் கட்டுகிறார்கள் என்று நானும் கேட்டேன். கோசி எடுத்ததைச் சில ஆண்டுகளில் தியராவாகத் திருப்பித் தந்துவிடும். அன்று அந்தத் திட்டு யாருடையது என்ற தகராறில் கையில் இருக்கும் ஒரே சாட்சி ரசீதுதான். பெரியவர் ஒருவர் கூரைச் சட்டத்தில் செருகியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து, பழுப்பேறிய ரசீதுகளை ஆண்டு வரிசையில் கட்டிலில் பரப்பினார். நிலம் எங்கே என்று கேட்டதற்கு, ஆற்றின் நடுவே சுழித்து ஓடிய இடத்தைக் கையை நீட்டிக் காட்டி, எல்லைகளைப் பக்கத்து வயல்காரர்களின் பெயர் சொல்லியே விவரித்தார்.